நாலாம் பாகத்தில் அவன் இல்லை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள். இரண்டு பேர் என் தங்கை விட்டுப்போனவர்கள். எல்லாரும் ஒரே பானைச் சோறுதான் தின்றார்கள். இதில் யார் உன் பிள்ளை, யார் தங்கச்சியின் பிள்ளை என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொன்னதில்லை. இப்போது ஏழு பேரும் எங்கே இருக்கிறார்கள் என்று யாராவது கேட்டால் ஆறு பேருக்குப் பதில் வைத்திருக்கிறேன். ஏழாவது என் கடைசி மகன். அவனைப் பற்றியும் ஒரு கதைப் புத்தகத்தைப் பற்றியும்தான் சொல்லப்போகிறேன்.

நான் இரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப்பெயரை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். பாலையூற்றுக்குப் போக வேண்டியவள் மாறிக் கந்தளாய் பஸ்ஸில் ஏறினேன் என்ற கதை என்னிடம் இல்லை. கையெழுத்துப் போடுவேன், பெருவிரல் வைக்க மாட்டேன். அதற்கு மேல் எழுத்து எனக்குத் தேவைப்படவில்லை. நான் சொல்லச் சொல்ல, அந்தக் கடைசி மகனின் மகள், என் பேத்தி, இதை எழுதுகிறாள். என் வாய்ப்பேச்சைப் புத்தகத் தமிழாக்குகிறாள். ஆக்கட்டும். ஆனால் ஒன்றையும் கூட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

மகன் பல நாள் படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவன். ஐஸும் தண்ணீரும் ஏற்றிக்கொண்டு போனால் மூன்று, நாலு கிழமை, கிட்டத்தட்ட ஒரு மாதம் கழித்துத்தான் கரை காண்பார்கள். வந்ததும் குளிக்க மாட்டான், படுக்க மாட்டான். குசினி வாசலில் குந்திக்கொண்டு பழஞ்சோறும் கருவாட்டுப் பொரியலும் கேட்பான். கடலில் மீனைத்தானே தின்கிறாய், வீட்டுக்கு வந்தும் மீனா என்று மருமகள் ஏசுவாள். பேத்தி ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் சோதனை எழுதிய வருஷம் போன படகு திரும்பி வரவில்லை. அந்தக் கிழமை புயலும் இல்லை, பெரிய காற்றும் இல்லை. பலகை ஒன்று, தகரப் பேணி ஒன்று கரையொதுங்கியது என்று ஒருவரும் சொல்லவில்லை.

வராதவர்கள் எல்லாரும் செத்தவர்கள் இல்லை. இது இந்தக் கரையில் எல்லாருக்கும் தெரியும். இயந்திரம் பழுதாகி நீரோட்டத்தில் இழுபட்டு அந்தமானில் கரையேறினவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி, ஒருவர் இருக்கிறார். அவர் திரும்பி வந்தபோது வீட்டில் அவருக்கு முப்பத்தோராம் நாள் கிரியையும் செய்து முடித்திருந்தார்கள். தாடியோடு வந்து படலையைத் திறந்தவர், விறாந்தைச் சுவரில் தன் படத்துக்கு மாலை போட்டிருப்பதைப் பார்த்தார். அதன் பிறகு அவர் தொழிலுக்குப் போகவில்லை. யாராவது வேலைக்குக் கூப்பிட்டால், "செத்தவனுக்கு என்ன வேலை" என்று சொல்லிச் சிரிப்பார். அந்தப் படத்தைப் பார்த்த நாளில் இருந்து அவருடைய மனைவியால் அவர் முகத்தை நேரே பார்க்க முடியவில்லை.

ஆகையால் என் மகனுக்குக் கிரியை செய்ய நான் விடவில்லை. அவனுடைய படத்தைச் சுவரில் ஏற்ற விடவில்லை. மருமகள் பொட்டோடுதான் இருந்தாள்.

முதல் வருஷம் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம். வாழையிலையில் ஒரே அளவாகச் சுற்றி அம்மன் காலடியில் வைத்து, ஒரு சின்னப் பிள்ளையைக் கொண்டு எடுப்பிப்பது. சிவப்பு வந்தால் உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். சிவப்பு வந்தது. அடுத்த வருஷம் மனம் பொறுக்காமல் திரும்பவும் கேட்டேன். வெள்ளை வந்தது. பூசாரி முகத்தைச் சுளித்தார்.

"ஒரு காரியத்துக்கு ஒருக்காத்தான் கேக்கிறது, அம்மா. ரெண்டாந்தரம் கேட்டா அம்மாளைச் சோதிக்கிற மாதிரி."

அதன் பிறகு கேட்பதற்கு எனக்கு ஓர் இடம் இல்லாமல் போயிற்று.

அந்தக் காலத்தில்தான் பேத்தி புத்தகத்தோடு வந்தாள். இங்கிலிஷ் கதைகளைச் சத்தமாக வாசித்தால் நாக்குத் திருந்தும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அவள் விறாந்தையில் இருந்து வாசிக்க, நான் நெத்தலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லும் விளங்காத சத்தம் எவ்வளவு நேரம்தான் காதில் விழும்?

"என்ன பிள்ளை அது, மந்திரமா?"

"கதை அப்பம்மா. மாயக் கதை. எங்கட வயசுக்காரருக்கு எழுதினது."

"அப்ப எனக்குச் சொன்னா விளங்காதோ?"

"விளங்கும். ஆனா நான் இங்கிலிஷிலதான் வாசிக்கோணும்."

"வாசி. வாசிச்சுப்போட்டுப் பயன் சொல்லு."

கோயிலில் புராணம் படிக்கும்போது ஒருவர் பாட்டைப் படிப்பார். பக்கத்தில் இருக்கிறவர் அதன் பொருளைச் சனத்துக்கு விளங்கச் சொல்வார். அதைத்தான் பயன் சொல்வது என்போம். என்னுடைய ஐயா பயன் சொன்னவர். பாட்டில் இல்லாத ஒரு சொல்லும் அவர் வாயில் வராது. கேட்கிற சனம் அழுதாலும் சிரித்தாலும் அவர் தன் பாட்டுக்கு, உள்ளதை உள்ளபடி சொல்லிக்கொண்டு போவார். பேத்திக்கு அதைச் சொல்லிக் கொடுத்தேன். அன்றிலிருந்து பின்னேரங்களில் எங்கள் வீட்டில் புராணப் படிப்பு நடந்தது. இரண்டு ஆளும் அவளே. கேட்கிற சனம் நான் ஒருத்தி. சில நாட்களில் படலைக்கு வெளியே வாழைப்பழத் தோலுக்கு நிற்கிற, ஊருக்குள் திரிகிற மான்களும் உண்டு.

மூன்று பாகமாக வந்திருந்த கதை இதுதான். பனிப்புகார் மூடிய ஒரு தீவு. அங்கே கடலில் ஒரு கதவு இருக்கிறது. தண்ணீர் நன்றாக வற்றுகிற நாளில் மட்டும் அது திறக்கும். அதற்குள் தோணியோடு போனவர்கள் பறவையாகிவிடுவார்கள். தங்கள் பெயர் அவர்களுக்கு மறந்துபோகும். ஒரு பெடியன் அப்படிப் போய்விடுகிறான். அவனைத் தேடித் தங்கச்சி புறப்படுகிறாள். தாய் வீட்டில் இருக்கிறாள். ஒவ்வொரு பொழுதும் மேசையில் அவனுடைய சாப்பாட்டுப் பீங்கானைக் கவிழ்த்து வைக்கிறாள். வந்தால் நிமிர்த்தலாம் என்று.

எல்லாரும் தங்கச்சியைப் பற்றித்தான் கதைப்பார்கள் என்றாள் பேத்தி. வாளோடு திரிகிறவள் அவள்தான், பிள்ளைகள் அவளைப்போலச் சட்டை தைத்துப் போடுகிறார்களாம். எனக்கு அவள் முக்கியமில்லை. அவள் எங்கேயாவது சண்டை பிடித்துக்கொண்டிருக்கும்போது, "அது சரி, தாய்க்காரி என்ன செய்யிறாள்" என்று கேட்பேன். "அவவைப் பற்றி இதில ஒண்டும் இல்லை, அப்பம்மா" என்பாள். நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். பத்திருபது பக்கத்துக்கு ஒருதரம் தாய் வருவாள். பீங்கானைத் துடைப்பாள், கவிழ்ப்பாள்.

"மாமிக்கு இந்தக் குருவிக் கதையில இருக்கிற ஈடுபாடு தேவாரத்தில இல்லை" என்று மருமகள் சொல்லுவாள். அவள் நிலாவெளிப் பக்கத்தில் ஒரு விருந்தினர் விடுதிக் குசினியில் வேலை செய்கிறாள். வந்து களைத்து இருப்பாள். ஆனாலும் தாய் வருகிற இடங்களில் அவளும் தேநீர்க் கோப்பையைக் கையில் பிடித்தபடி வாசலில் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

மூன்றாம் பாகம் முடிகிற இடத்தில், ஒரு கறுத்த பறவை அந்த வீட்டு யன்னலுக்கு வந்து கண்ணாடியில் சொண்டால் தட்டுகிறது. தாய் விளக்கை எடுத்துக்கொண்டு எழும்புகிறாள். யன்னல் கொளுக்கியில் கையை வைக்கிறாள். அவ்வளவுதான். புத்தகம் முடிந்தது.

"மிச்சம்?"

"அடுத்த பாகத்தில. இனித்தான் எழுதுவார்."

"இதென்ன பழக்கம். யன்னலில கையை வைக்கப் பண்ணிப்போட்டு மனிசன் சாப்பிடப் போயிட்டாரோ?"

பேத்தி சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் அன்று படுக்கப் போகும்போது, பூப்பொட்டலத்தை வைப்பதுபோல அந்த யன்னலை நான் மனதுக்குள் அம்மன் காலடியில் வைத்துவிட்டேன். யன்னல் திறந்து அந்தப் பிள்ளை உள்ளே வந்தால் என் பிள்ளையும் இருக்கிறான். வராவிட்டால் இல்லை. ஒரு காரியத்துக்கு ஒருதரம்தான் கேட்பது என்று பூசாரி சொன்னது கோயிலுக்குள். இது கோயிலுக்கு வெளியேதானே என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். ஒருவருக்கும் இதைச் சொல்லவில்லை.

புத்தகம் வர வருஷக்கணக்கானது. இடையில் மருமகளின் தமையன் கந்தளாயில் இருந்து வந்துபோவார். வயல்காரர், நல்ல மனிதர். அரிசி மூட்டையை இறக்கி வைத்துவிட்டுக் கதிரை நுனியில் இருந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாமல் தொண்டையைச் செருமுவார்.

"மாமி, கோவிக்கப்படாது. நாலு சனம் கேக்கினம், இவள் இப்ப என்ன முறையில இருக்கிறாள் எண்டு."

"என்ர வீட்டில இருக்கிற முறையில இருக்கிறாள்."

"அதுக்கில்லை மாமி. நல்ல காரியம் ஒண்டுக்கும் அவளை முன்னுக்கு விடுகினமில்லை. செத்த வீட்டுக்குப் போனாலும் ஒரு மாதிரிப் பாக்கினம். உள்ளதைச் செய்து முடிச்சா அவளுக்கு ஒரு பக்கமாவது நிக்கலாம்."

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி."

"எதுவரைக்கும்?"

என்ன சொல்வேன்? வெளிநாட்டில் ஒருவர் புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறார், அது வரட்டும் என்றா? "சொல்லுறன்" என்றேன். மருமகள் குசினிக்குள் இருந்தாள். பாத்திரச் சத்தம் நின்றுபோனதை நான் கவனித்தேன்.

போன ஆனி மாதம் நாலாம் பாகம் வந்தது. தங்கையின் மகள், நான் வளர்த்தவள், லண்டனில் இருந்து தெரிந்தவர்களிடம் கொடுத்தனுப்பினாள். ஓர் இறாத்தல் பாண் ரொட்டியின் தடிப்பு. நான் முகம் கழுவி, திருநீறு பூசி, கதிரையில் வந்து இருந்தேன். "அப்பம்மா தேர் பாக்க வெளிக்கிட்ட மாதிரி" என்றாள் பேத்தி. அவளும் இத்தனை வருஷம் காத்திருந்தவள். அதை நான் அப்போது நினைக்கவில்லை.

முதல் அதிகாரத்தில் வேறு ஒரு தேசம். ஒரு ராசா. ராசாவுக்கு ஒரு குதிரை. இரண்டாம் அதிகாரத்திலும் குதிரை. மூன்றாவதில் ராசாவின் மகன் இன்னொரு ராசாவின் மகளைக் காண்கிறான்.

"யன்னல்?"

"இன்னும் வரேல்ல."

ஒரு கிழமை போனது. ராசாமார் விருந்து வைத்தார்கள், கோபித்தார்கள், ஒரே கதையைத் திருப்பித் திருப்பிக் கதைத்தார்கள். வாளோடு திரிந்த தங்கச்சி ஒரு மூலையில் வந்தாள். அவளும் பழைய ஆள் இல்லை, ராசாவின் மகனைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவளாகிவிட்டாள். "இவளுக்குத் தமையன் ஒருத்தன் இருந்தவனெல்லோ" என்று கேட்டேன். பேத்தி பக்கத்தைத் திருப்பினாள். பிறகு இரண்டு நாள் படிப்பு இல்லை. தலையிடி என்றாள்.

மூன்றாம் நாள் அவளாகவே வந்து புத்தகத்தை விரித்தாள். கொஞ்சம் வாசித்தாள். பயன் சொன்னாள். தாய் கொளுக்கியைத் தூக்கி யன்னலைத் திறந்தாள். பறவை உள்ளே விழுந்தது. ஈரமாக, குளிரில் நடுங்கிக்கொண்டு, பார்த்துக்கொண்டிருக்கவே பெடியனானது.

அம்மாளாச்சி என்று வாய்க்குள் சொன்னேன். வாசலில் மருமகள் நின்றாள்.

"தன்ர பெயரைச் சொன்னவனா?"

"சொன்னவன்."

"பிறகு?"

"பசிக்குது எண்டு சொன்னவன். தாய் பீங்கானை நிமிர்த்திப்போட்டு என்ன வேணும் எண்டு கேட்டா. பழஞ்சோறும் கருவாட்டுப் பொரியலும் கேட்டவன்."

மருமகளின் கையில் இருந்த கோப்பை தட்டில் இடிபடும் சத்தம் கேட்டது. நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. படலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தீவில் ஒருவரும் சோறு தின்பதில்லை. மூன்று பாகமும் பாணும் ஓட்ஸ் கஞ்சியும்தான்.

"எந்த வரி பிள்ளை? விரலை வை, பாப்பம்."

அவள் விரலை வைக்கவில்லை. புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுச் சொன்னாள்.

"அப்பம்மா, அதில அவன் இல்லை. கடைசிப் பக்கம் வரைக்கும் பாத்திட்டன்."

"யன்னல்?"

"ஒரு வரி இருக்கு."

"அதை வாசி. வாசிச்சுப்போட்டுச் சரியாப் பயன் சொல்லு."

வாசித்தாள். ராசாவின் மகன் குதிரையில் அந்தத் தீவு வழியாகப் போகிறான். வழியில் ஒரு பழைய வீடு. யன்னல்களுக்குப் பலகை அடித்திருந்தது. அது யாருடைய வீடு என்று அவனுக்குத் தெரியவில்லை. அவன் நிற்காமல் போனான்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"தாய் செத்துப்போனாளா?"

"சொல்லேல்ல."

"பறவை செத்ததெண்டாவது?"

"இல்லை அப்பம்மா. ஒண்டும் இல்லை. போனில பாத்தனான், எல்லாரும் அந்த ஆளை ஏசுகினம். கதை பெரிசாகீட்டுது, அந்தப் பெடியன் இனித் தேவைப்படேல்ல எண்டு சொல்லியிருக்கிறார்."

மருமகள் உள்ளே போய்விட்டாள். நான் கதிரையில் இருந்தேன். வெள்ளைப் பூ வந்திருந்தால் தாங்கியிருப்பேன். வெள்ளையும் ஒரு பதில். அவனைப் பாறையில் மோதிக் கொன்றிருந்தால் அழுதிருப்பேன், அந்த மனிதரை மூன்று நாள் திட்டியிருப்பேன். கொல்வதற்கும் ஒரு வரி வேண்டும். அந்த ஒரு வரியைக்கூட அவனுக்குக் கொடுக்கவில்லை. உண்டாக்கினவனே மறந்துபோனான். இரண்டு பொட்டலத்தையும் பிரித்தேன், இரண்டிலும் பூவே இல்லை.

அன்றிலிருந்து கடலைப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. கோயிலுக்குப் போகும்போது துறைமுகப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நடந்தேன். முன்பு மாதம் ஒருதரம் வந்து விசாரிக்கிற படகு முதலாளி எப்போது வருவதை விட்டார் என்று யோசித்துப் பார்த்தேன், பிடிபடவில்லை. அவருடைய புதுப் படகு துறைமுகத்தில் கட்டி நிற்கிறது, நீல நிறம். மீன்பிடி அலுவலகத்துக்காரர்கள் கேட்பதை விட்டார்கள். மகனின் தமையன்மார் போனில் கதைக்கும்போது அவன் பெயரை எடுப்பதை விட்டார்கள். ஒருவரும் அவனைச் சாக்காட்டவில்லை. கதை பெரிதாகிப் போய்விட்டது, அவ்வளவுதான். யன்னலுக்குப் பலகை அடித்து நெடுநாள் ஆகிவிட்டது. உள்ளே இருந்த எனக்குத்தான் அந்தச் சத்தம் கேட்கவில்லை.

ஒரு காலமை மருமகள் வேலைக்கு வெளிக்கிட்டவள், அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் பொட்டை விரல் நுனியில் ஒட்டிக்கொண்டு நின்றாள். வைக்கவும் இல்லை, விடவும் இல்லை. பஸ்ஸுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது.

"என்ன பிள்ளை, நிண்டிட்டாய்?"

"ஒண்டுமில்லை மாமி."

"சொல்லு."

"ஒவ்வொரு நாளும் இதில நிண்டு யோசிக்கிறன் மாமி. வைச்சா அங்க ஆராவது பாப்பினம். வைக்காட்டி நீங்க பாப்பியள். நான் களைச்சுப்போனன்."

இத்தனை வருஷத்தில் அவள் எனக்கு எதிராகச் சொன்னது அதுதான். அதுவும் எதிர்ப்பேச்சு இல்லை. அந்தத் தீவுத் தாயைப் பற்றி நான் அவ்வளவு கேட்டேன். அந்த வீட்டில் பெடியனுக்கு ஒரு பெண்சாதி இருந்திருந்தால் அவள் என்ன செய்துகொண்டிருப்பாள் என்று எழுதினவரும் யோசிக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

"தமையனை வரச்சொல்லு" என்றேன். "செய்வம்."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பொட்டை நெற்றியில் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனாள்.

ஒழுங்கையில் செய்தி பரவியது. மாலை போட்ட படத்தைப் பார்த்த மனிதர் படலையில் வந்து நின்றார்.

"செய்யுங்கோ அக்கா. செய்தாப் பிறகும் வரலாம். நான் வந்தனான்தானே."

ஆறுதலுக்குத்தான் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு ஆறுதல் வரவில்லை. அவன் வருவான் என்று இப்போது நான் நினைக்கவில்லை. செத்துவிட்டான் என்றும் நினைக்க முடியவில்லை. நினைப்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை.

நாளைக்குக் காலமை ஐயர் வருவார். தர்ப்பைப் புல்லில் ஓர் உருவம் செய்து, அதற்கு என் மகனின் பெயரைச் சொல்லி, கடற்கரையில் எரிப்பார்கள். நான் போக மாட்டேன், வீட்டில் இருப்பேன். முப்பத்தோராம் நாள் கன்னியாவுக்குப் போய் வெந்நீர்க் கிணற்றில் முழுக வேண்டும். ஒரு மகன் தாய்க்குக் கடமை செய்வதற்காக உண்டாக்கின கிணறுகள் என்று சொல்வார்கள். அங்கே நான் மகனுக்காகப் போகிறேன். படத்தைப் பெரிதாக்கக் கொடுத்திருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு நிற்கிற படம்.

இன்று பின்னேரம் வரைக்கும் அவன் போனவன்தான், செத்தவன் இல்லை. அதற்குள் இதை எழுதி முடிக்கச் சொன்னேன். எழுதினால் ஏதாவது நடக்கும் என்று இல்லை. எழுதின புத்தகத்தின் இலட்சணத்தைப் பார்த்துவிட்டேன். ஆனால் அவனுக்கு ஒரு வரி இருக்கட்டும். கருவாட்டுப் பொரியல் கேட்டது, குசினி வாசலில் குந்தி இருந்தது, அதெல்லாம் இந்த எழுத்தில் வந்ததா என்று எனக்குத் தெரிய வேண்டும். பொழுது படுகிறது. பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கை உறிஞ்சுகிறாள்.

"முதலில இருந்து வாசி பிள்ளை. பயன் வேண்டாம். எழுதினதை மட்டும் வாசி."